ஐடிஇ மதிப்பெண்ணை எப்படிப் படிப்பது?

அமெரிக்காவில் மயக்கவியலில் ரெசிடென்சி, அதாவது மருத்துவப் படிப்புக்குப் பிந்தைய சிறப்புப் பயிற்சி, செய்கிறவர்களுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, பிப்ரவரியை ஒட்டி, ஒரு தேர்வு வரும். முழுப்பெயர் இன்-டிரெய்னிங் எக்ஸாமினேஷன். எல்லோரும் சொல்வது ஐடிஇ. 200 கேள்விகள், நான்கு மணி நேரம், கொடுத்திருக்கும் விடைகளில் மிகப் பொருத்தமான ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். நடத்துவது அமெரிக்கன் போர்டு ஆஃப் அனஸ்தீசியாலஜி, அதாவது ஏபிஏ. இதில் பாஸ், ஃபெயில் கிடையாது. பயிற்சியில் இருப்பவர் தனக்கு என்ன தெரியும், என்ன தெரியாது என்று பார்த்துக்கொள்வதற்காக வைக்கப்பட்ட தேர்வு இது.

ஆனால் ரிசல்ட் வரும் வாரத்தில் நடப்பதே வேறு. ரிப்போர்ட்டைத் திறந்ததும் கண் நேராகப் பெர்சன்டைலுக்குப் போகும். 62 என்றால் நிம்மதி, 28 என்றால் தூக்கம் போய்விடும். அதோடு ரிப்போர்ட்டை மூடிவைத்துவிடுகிறார்கள். எனக்கு இதில்தான் வருத்தம். அந்த ரிப்போர்ட்டில் இருப்பதிலேயே குறைவாகப் பயன்படும் எண் பெர்சன்டைல். தவறவிட்ட கேள்விகளின் தலைப்புகளைத் தரும், யாரும் சரியாகப் பார்க்காத கீவேர்ட் பட்டியல்தான் அடுத்த ஓராண்டுப் படிப்பை மாற்றக்கூடியது. வழக்கமாகப் பார்க்கும் வரிசையைத் தலைகீழாக்கி, முதலில் கீவேர்ட், அடுத்து தாளின் கடினத்தைச் சமன்செய்து தரும் ஸ்கேல்டு ஸ்கோர், கடைசியில் பெர்சன்டைல் என்று படித்தால் இந்தத் தேர்வு நிஜமாகவே உதவும். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

இந்தத் தேர்வின் இடம்

மயக்கவியல் ரெசிடென்சி மொத்தம் நான்கு ஆண்டு. முதல் ஆண்டு பொதுவான மருத்துவப் பயிற்சி. அப்புறம் சிஏ-1, சிஏ-2, சிஏ-3 என்று மூன்று ஆண்டு மயக்கவியல். இதற்கிடையில் போர்டு சான்றிதழுக்கான, அதாவது நிபுணர் என்று ஏபிஏ தரும் அங்கீகாரத்துக்கான, படிகள் தனியாக வரும். பழைய முறையில் ரெசிடென்சி முடிந்த பிறகு ஒரு எழுத்துத் தேர்வு, அதன்பின் ஒரு வாய்மொழித் தேர்வு. 2014-இல் ஏபிஏ இதை மாற்றியது. சிஏ-1 முடியும் வாக்கில் பேசிக் தேர்வு. ரெசிடென்சி முடிந்ததும் அட்வான்ஸ்ட் தேர்வு. கடைசியாக அப்ளைடு தேர்வு. அப்ளைடில் வாய்மொழித் தேர்வு உண்டு. 2018 முதல் ஆஸ்கி என்கிற செயல்முறைத் தேர்வும் சேர்ந்துகொண்டது.

பேசிக் தேர்வில் மருந்தியல், உடலியங்கியல், உடற்கூறு, கருவிகள், மானிட்டரிங் ஆகியவை முக்கியம். அட்வான்ஸ்டில் குழந்தைகள், இதயம், மகப்பேறு, நரம்பு, வலி சிகிச்சை போன்ற சிறப்புப் பிரிவுகள். ஐடிஇ இந்த இரண்டையும் ஒரே தாளில் கேட்கிறது. இதை மனதில் வைக்காமல் மதிப்பெண்ணைப் பார்த்துப் பயந்துபோகும் சிஏ-1 ரெசிடென்டுகள் நிறைய. மயக்கவியலுக்குள் வந்து ஏழு மாதம்தான் ஆகியிருக்கும். பிறவி இதயக் குறைபாடு உள்ள குழந்தைக்கு மயக்கம் கொடுப்பது பற்றிய கேள்விக்கு அவரிடம் விடை இருக்க வாய்ப்பே இல்லை, இருக்க வேண்டியதும் இல்லை. அந்தக் கேள்வி அவருக்கு மேலே இருக்கும் சிஏ-3க்காகவும் சேர்த்து எழுதப்பட்டது. ரிப்போர்ட்டில் பேசிக் பகுதிக்கும் அட்வான்ஸ்ட் பகுதிக்கும் தனித்தனி மதிப்பெண் வரும். சிஏ-1இல் பார்க்க வேண்டியது முதலில் பேசிக் பகுதியை. காரணம் எளிது: பிப்ரவரியில் ஐடிஇ, ஜூனில் பேசிக் தேர்வு. நடுவே நான்கு மாதம். திரும்பத் திரும்பத் தோற்றால் பயிற்சிக் காலமே நீளக்கூடிய தேர்வு அது. அதற்கு முன்னால் கிடைக்கும் நேர்மையான ஒத்திகை இந்த ஒன்றுதான்.

பேசிக் தேர்வு வந்த பிறகு சிஏ-1க்கும் சிஏ-2க்கும் நடுவே ஐடிஇ மதிப்பெண் முன்னைவிட அதிகமாக ஏறியிருக்கிறது என்று ஏபிஏவின் ஆய்வாளர்களே எழுதியிருக்கிறார்கள். அதாவது கடைசி ஆண்டுவரை தள்ளிப்போட்ட படிப்பு முன்னால் வந்துவிட்டது. நல்லதுதான். ஆனால் அதனோடு பதற்றமும் முன்னால் வந்துவிட்டது.

இன்னொரு மாற்றமும் ஐடிஇயின் கனத்தைக் கூட்டியிருக்கிறது. 2022 ஜனவரியில் அமெரிக்க மருத்துவ உரிமத்துக்கான யுஎஸ்எம்எல்இ ஸ்டெப் 1 தேர்வு எண் மதிப்பெண்ணை விட்டுவிட்டு வெறும் பாஸ், ஃபெயில் என்று மாறியது. இதயம், குழந்தைகள், தீவிர சிகிச்சை, வலி சிகிச்சை என்று ஃபெலோஷிப் (ரெசிடென்சிக்குப் பிந்தைய உட்பிரிவுப் பயிற்சி) தேடிப் போகும்போது தேர்வுக் குழுக்கள் பார்க்கும் எண்களில் ஒன்று குறைந்துவிட்டதால், ஐடிஇ எண்ணின் மேல் பார்வை கூடியிருக்கிறது. சுயபரிசோதனைக்காகச் செய்த ஒரு அளவீட்டை வடிகட்டியாக ஆக்குவது சரியில்லை என்பது என் கருத்து. அதற்காக ரெசிடென்ட் அதைக் கண்டுகொள்ளாமல் இருக்கவும் முடியாது. எண் என்ன சொல்கிறது, எவ்வளவு உறுதியாகச் சொல்கிறது என்று தெரிந்துகொண்டால், நேர்முகத்தில் அதைப் பற்றிப் பேசவும் முடியும், தனக்குள் தேவையில்லாமல் நொந்துகொள்ளாமலும் இருக்க முடியும்.

பெர்சன்டைல் செய்யும் வித்தை

பெர்சன்டைல் உங்கள் அறிவை அளப்பதில்லை. உங்களோடு அதே ஆண்டில் பயிலும், நாடு முழுவதும் உள்ள ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களின் வரிசையில் நீங்கள் எங்கே நிற்கிறீர்கள் என்று மட்டும் சொல்கிறது. நீட் புண்ணியத்தில் இந்த விஷயம் தமிழ்நாட்டில் எல்லோர் காதிலும் விழுந்ததுதான். 2023 செப்டம்பரில் முதுநிலை நீட்டுக்கான தகுதிப் பெர்சன்டைலைச் சுழியாகக் குறைத்தபோது, சுழி மதிப்பெண் எடுத்தாலே போதும் என்கிற பொருளிலேயே பலர் பேசினார்கள். உண்மையில் அது வரிசையின் கடைசி ஆள் வரைக்கும் கதவு திறக்கிறது என்று பொருள். அந்தக் கடைசி ஆளின் மதிப்பெண் சுழிக்கும் கீழேகூட இருக்கலாம். ரேங்கில் வளர்ந்த நமக்குப் பெர்சன்டைலைத் தீர்ப்பாகப் படிப்பது பழக்கமாகிவிட்டது. அமெரிக்காவுக்கு வந்த பிறகும் அது போவதில்லை.

ஐடிஇயின் ஸ்கேல்டு ஸ்கோர் 1 முதல் 50 வரை. ஒரு கணக்குக்காக, ஒரு ஆண்டில் சிஏ-1 சராசரி 30 என்றும், மதிப்பெண்கள் பரவியிருக்கும் திட்ட விலக்கம் 5 என்றும் வைத்துக்கொள்வோம். 30 எடுத்தவர் 50ஆவது பெர்சன்டைலில் இருப்பார். 32 எடுத்தவர் 66க்குப் போய்விடுவார். இரண்டே புள்ளி, 16 இடம் மேலே. இப்போது மேல் முனைக்குப் போவோம். 38 எடுத்தவர் கிட்டத்தட்ட 95. அவரும் இரண்டு புள்ளி ஏறி 40 எடுத்தால் 98. அதே இரண்டு புள்ளிக்கு மூன்று இடம்தான். நடுவில் கூட்டம் நெரிசலாக இருக்கிறது, ஓரங்களில் ஆள் இல்லை; அவ்வளவுதான் காரணம். நடுவில் நிற்கும் இரண்டு பேருக்கு 50, 66 என்று எண் வரும்போது ஒருவர் கெட்டிக்காரர், மற்றவர் சுமார் என்று தோன்றுகிறது. படிப்பு வித்தியாசம் ஒருசில கேள்விகள்தான்.

அந்த ஒருசில கேள்விகளும் அதிர்ஷ்டத்தில் மாறக்கூடியவை. 200 கேள்விகளில் 65 சதவீதம் சரியாகச் சொல்லக்கூடிய அறிவு ஒருவரிடம் இருக்கிறது என்று வைப்போம். எதிர்பார்ப்பு 130. அதே அறிவோடு, அதே கடினத்தில், வேறு 200 கேள்விகள் வந்திருந்தால்? எளிய புள்ளியியல் கணக்குப்படி ஏழு கேள்விவரை கூடவோ குறையவோ செய்வது சாதாரணம். அவர் 123ம் எடுக்கலாம், 137ம் எடுக்கலாம்; ஆள் அதே ஆள்தான். ஒரு நோயாளிக்குப் பத்து நிமிட இடைவெளியில் இரண்டு முறை கஃப் ஏறி 118, 126 என்று காட்டினால் ரத்த அழுத்தம் உயர்ந்துவிட்டது என்று நாம் மருந்தை எடுப்பதில்லை. தன் பெர்சன்டைல் 55இலிருந்து 46க்கு இறங்கியதும் அதே மயக்கவியல் மருத்துவர் உடைந்துபோகிறார்.

பிரிவுவாரியான மதிப்பெண்ணில் இந்தத் தடுமாற்றம் இன்னும் மோசம். ஒரு பிரிவில் எட்டே கேள்வி என்றால், நாலு சரி என்பதற்கும் ஆறு சரி என்பதற்கும் நடுவே பெரிதாக ஒன்றும் இல்லை. காகிதத்தில் மட்டும் அது 50 சதவீதம், 75 சதவீதம் என்று வரும். “மகப்பேறு மயக்கவியலில் நான் ரொம்ப வீக்” என்று அந்த ஒரு எண்ணை வைத்து முடிவு கட்டி, இரண்டு மாதம் அதையே படித்து, அடுத்த ஆண்டு வேறொரு பிரிவில் விழுந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். ஒரு பிரிவு இரண்டு ஆண்டு தொடர்ந்து கீழே இருந்தால் நம்பலாம். ஒரு ஆண்டில் மட்டும் இறங்கினால் கேள்வி வங்கியில் அந்தப் பிரிவில் நூறு கேள்வி போட்டுப் பார்த்துவிட்டு அப்புறம் முடிவு செய்யலாம்.

அதிகம் பேசப்படாத இன்னொன்று: ஒரு ஆண்டு மிக உயரத்தில் இருந்தவர் அடுத்த ஆண்டு கொஞ்சம் இறங்குவதும், மிகக் கீழே இருந்தவர் கொஞ்சம் ஏறுவதும் தன்னாலேயே நடக்கும். 92இல் இருந்தவருக்கு அந்த ஆண்டு அறிவோடு அதிர்ஷ்டமும் சேர்ந்திருக்கும். அடுத்த ஆண்டு அதிர்ஷ்டம் அதே அளவு வராது. அவர் 80க்கு வந்தால் சோம்பேறியாகிவிட்டார் என்று பொருள் இல்லை. 8இல் இருந்தவர் 20க்கு வந்ததும், கடுமையாகத் திட்டியதால்தான் ஏறினார் என்று ஒரு ஆசிரியர் நினைத்துக்கொண்டால், அடுத்தவரையும் திட்டத் தொடங்குவார்.

சரி, எந்த எண்ணைத்தான் பார்ப்பது? ஸ்கேல்டு ஸ்கோரை. ஒவ்வோர் ஆண்டுத் தாளும் கடினத்தில் கொஞ்சம் மாறும். அதைச் சமன்செய்து, ஆண்டுக்கு ஆண்டு ஒப்பிடும்படி தருவதற்காகத்தான் அந்த அளவுகோல். சிஏ-1இல் 29, சிஏ-2இல் 34 என்று ஏறியிருந்தால் அது உண்மையான வளர்ச்சி. இரண்டு ஆண்டும் பெர்சன்டைல் 40 என்றே இருக்கலாம், ஏனென்றால் உங்களோடு எல்லோரும் வளர்ந்திருக்கிறார்கள். பெர்சன்டைலை மட்டும் பார்க்கிறவர் “ஒரு வருஷம் படித்தும் அங்கேயேதான் நிற்கிறேன்” என்று நினைப்பார். அது அவருக்கு அவரே செய்துகொள்ளும் அநியாயம்.

இதே காரணத்துக்காக, 30ஆவது பெர்சன்டைலுக்குக் கீழே இருப்பவர்களுக்குச் சிறப்புப் படிப்புத் திட்டம் என்று ரெசிடென்சி நடத்தும் புரோகிராம்கள் கோடு போடும் பழக்கத்திலும் எனக்கு உடன்பாடு இல்லை. நாடு முழுவதும் எல்லோரும் எவ்வளவு நன்றாகப் படித்தாலும், எந்த ஆண்டும் நூற்றுக்கு முப்பது பேர் அந்தக் கோட்டுக்குக் கீழேதான் இருப்பார்கள். கோட்டின் பொருள் அதுதான். புரோகிராம் டைரக்டர் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த ஆள் பேசிக் தேர்வில் தேறுவாரா என்பது. அதற்கு ஸ்கேல்டு ஸ்கோரில் ஒரு எல்லை வைத்து, தங்கள் புரோகிராமின் முந்தைய ஆண்டுகளில் அந்த எல்லைக்குக் கீழே இருந்தவர்களுக்கு என்ன ஆனது என்று பார்த்தால் போதும். தரவு அவர்கள் கையிலேயே இருக்கிறது.

ஒரு கீவேர்டைப் பிடித்துக்கொண்டு

இப்போது பட்டியலுக்கு வருவோம். நீங்கள் தவறவிட்ட ஒவ்வொரு கேள்வியும் என்ன பற்றியது என்று சின்னச் சின்னத் தலைப்புகளாக ரிப்போர்ட்டில் வரும். கேள்வி வராது, விடை வராது, தலைப்பு மட்டும். பலர் இதை ஒரு ஃபைலில் போட்டு, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விடை எழுதி, முடித்துவிட்டதாக நினைக்கிறார்கள். அதே கேள்வி மறுபடியும் வராது. அந்தத் தலைப்பு நிற்கும் வட்டாரம் மட்டும் நிச்சயம் வரும். ஆகவே ஒரு கீவேர்டிலிருந்து அதன் அக்கம்பக்கத்துக்கு நடந்து போக வேண்டும்.

உதாரணத்துக்கு “நைட்ரஸ் ஆக்சைடு சிலிண்டர்: மிச்ச அளவு” என்று ஒரு தலைப்பு இருக்கிறது என்று வைப்போம். மயக்க மிஷினின் பின்னால் தொங்கும் இ-சைஸ் என்கிற சிறிய சிலிண்டர்தான் விஷயம். ஆக்சிஜன் சிலிண்டரில் கணக்கு எளிது. நிறைந்திருக்கும்போது அழுத்தம் ஏறக்குறைய 2000 பிஎஸ்ஐ, அளவு 660 லிட்டர். உள்ளே இருப்பது முழுக்க வாயு. ஆக்சிஜனின் கிரிட்டிக்கல் வெப்பநிலை, அதாவது அழுத்தித் திரவமாக்கக்கூடிய உச்ச வெப்பநிலை, மைனஸ் 118 டிகிரி செல்சியஸ் என்பதால் அறை வெப்பத்தில் எவ்வளவு அழுத்தினாலும் திரவமாகாது. எனவே அழுத்தம் பாதியானால் அளவும் பாதி. கேஜ் 1000 காட்டுகிறது, நோயாளியை ஐசியூவுக்கு நிமிடத்துக்கு 6 லிட்டரில் கொண்டுபோகிறோம் என்றால் கையில் இருப்பது 330 லிட்டர், 55 நிமிடம். லிஃப்ட்டுக்காகக் காத்திருக்கும் நேரத்தையும் இதில்தான் கழிக்க வேண்டும்.

நைட்ரஸ் ஆக்சைடில் இந்தக் கணக்கு செல்லாது. அதன் கிரிட்டிக்கல் வெப்பநிலை 36.5 டிகிரி. ஆபரேஷன் தியேட்டர் 20 டிகிரியில் இருக்கும், ஆகவே உள்ளே பெரும்பகுதி திரவம். கேஜ் காட்டுவது அந்தத் திரவத்தின் மேல் நிற்கும் ஆவி அழுத்தம், 745 பிஎஸ்ஐ. 1590 லிட்டர் நிறைந்திருந்தாலும் 745, பாதி தீர்ந்தாலும் 745. கடைசிச் சொட்டுத் திரவம் தீர்ந்து, ஏறக்குறைய 400 லிட்டர், அதாவது கால்வாசி, மிச்சம் இருக்கும்போதுதான் முள் இறங்க ஆரம்பிக்கும். அதற்கு முன்னால் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் சிலிண்டரை எடை போடுவது ஒன்றே வழி.

இங்கே நிறுத்தினால் ஒரு கேள்விக்குப் பதில் தெரியும். இன்னும் இரண்டடி போவோம். ஆவி அழுத்தம் புரிந்துவிட்டது என்றால் அடுத்து டெஸ்ஃப்ளூரேன் என்கிற, முகர வைக்கும் மயக்க மருந்து. அதன் கொதிநிலை 22.8 டிகிரி, அறை கொஞ்சம் சூடானாலே கொதித்துவிடும். வழக்கமான வேப்பரைசரில் (திரவ மருந்தை ஆவியாக்கித் தரும் கருவி) அதை ஊற்றினால் எவ்வளவு வெளியே வரும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. அதனால்தான் அதன் வேப்பரைசர் தனி ரகம்: 39 டிகிரிக்குச் சூடாக்கி, இரண்டு வளிமண்டல அழுத்தத்தில் வைத்து, அளந்து செலுத்துகிறது. இன்னும் ஓரடி. கடல்மட்டத்திலிருந்து 1600 மீட்டர் உயரத்தில் உள்ள டென்வரில் வளி அழுத்தம் சுமார் 630 மில்லிமீட்டர் பாதரசம். அதே வகை மருந்தான செவோஃப்ளூரேனின் வழக்கமான வேப்பரைசர் இதைத் தானே ஈடுசெய்துகொள்ளும். டெஸ்ஃப்ளூரேன் வேப்பரைசர் சொன்ன சதவீதத்தை அப்படியே தரும். ஆனால் மூளைக்கு வேலை செய்வது சதவீதம் இல்லை, பகுதி அழுத்தம், அதாவது மொத்த அழுத்தத்தில் அந்த மருந்தின் பங்கு. கடல்மட்டத்தில் 6 சதவீதம் தரும் மயக்கம் அங்கே வேண்டுமானால் டயலை 7.2 வாக்கில் வைக்க வேண்டும். 6 பெருக்கல் 760, வகுத்தல் 630.

ஒரே ஒரு தவறவிட்ட கேள்வி. அதைப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரத்தில் கிரிட்டிக்கல் வெப்பநிலை, ஆவி அழுத்தம், வேப்பரைசர் வகைகள், உயரத்தின் விளைவு என்று நான்கு கேள்விக்கான இடத்தை மூடிவிட்டோம். பேசிக் தேர்வு இந்த வட்டாரத்தை விடவே விடாது. இப்படி வாரத்துக்கு நாலைந்து கீவேர்ட் போதும். ஜூன் வருவதற்குள் பட்டியலின் பெரும்பகுதி முடிந்துவிடும்.

பட்டியலைப் படிக்கும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். தவறிய தலைப்புகள் ஓரிரு வட்டாரங்களில் குவிந்திருக்கின்றனவா, எங்கும் சிதறியிருக்கின்றனவா? குவிந்திருந்தால் அது படிப்பில் ஓட்டை, படித்தால் அடைபடும். சிதறியிருந்து, அவற்றில் பலவும் “இது எனக்குத் தெரியுமே” என்று தோன்றுகிறவை என்றால் சிக்கல் வேறு. ஒரு கேள்விக்குக் கிடைப்பது 72 விநாடி. கேள்வியைப் பாதி படித்துவிட்டு விடைக்குத் தாவுவது, “தவிர” என்று முடியும் கேள்வியைத் தலைகீழாகப் புரிந்துகொள்வது, நேரம் போதாமல் கடைசி முப்பதை ஓட்டமாக முடிப்பது என்று காரணங்கள் இருக்கலாம். இதற்கு இன்னொரு பாடநூல் மருந்தாகாது. கேள்வி வங்கியில் நேரம் வைத்து ஐம்பது ஐம்பதாகப் போட்டு, தவறிய ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் “தெரியாது” அல்லது “தெரியும், தவறாகப் படித்தேன்” என்று எழுதிப் பார்த்தால் பத்து நாளில் விஷயம் வெளியே வந்துவிடும்.

மூன்றாவது ஒரு வகை உண்டு. தூக்கம் கெட்டவர், வீட்டில் கைக்குழந்தை உள்ளவர், ஊரில் அப்பாவுக்கு உடம்பு சரியில்லாதவர், மனச்சோர்வில் இருப்பவர். வாரத்துக்கு 80 மணி நேரம் என்ற உச்சவரம்பு 2003இல் வந்தது. 80 என்பதே பெரிய எண். மதிப்பெண் திடீரென்று விழுந்த ஒருவரிடம் எந்தப் புத்தகம் படிக்கிறாய் என்று கேட்பதற்கு முன்னால், எப்படி இருக்கிறாய் என்று கேட்க வேண்டும். கேட்க யாரும் வராவிட்டால் தாமே போய்ச் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னவர்களுக்கு ரொட்டேஷனை (பயிற்சி பெறும் பிரிவை) மாற்றியும் விடுப்பு கொடுத்தும் உதவிய புரோகிராம்கள் பல உண்டு.

படிக்கும் முறை

பாடநூலைத் திரும்பத் திரும்ப வாசிப்பது நன்றாகப் படித்த உணர்வைத் தரும். 2006இல் உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் செய்த சோதனையில், ஒரு பகுதியைத் திரும்ப வாசித்த மாணவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்து வைத்தபோது, வாசிப்பதை நிறுத்திவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். ஐடிஇக்கு நமக்கு வேண்டியது ஒரு வாரம் கழித்தும், நான்கு மாதம் கழித்தும் நிற்கும் நினைவு. ஆகவே கேள்வி வங்கியைக் கடைசி மாதத்துக்கு என்று ஒதுக்கி வைப்பது தவறு. அக்டோபர், நவம்பரிலேயே தினம் இருபது கேள்வி என்று ஆரம்பித்துவிடலாம். ஆன்-கால் (இரவுப் பணி) அன்று ஐந்து போட்டாலும் போதும், விடுபடாமல் இருப்பதுதான் முக்கியம். சரியாகச் சொன்ன கேள்வியின் விளக்கத்தையும் படிக்க வேண்டும். ஊகத்தில் சரியானதும் அதில் கலந்திருக்கும்.

நாளைய கேஸ் பட்டியலோடு படிப்பை இணைப்பது எல்லா ஆசிரியர்களும் சொல்வது. அதில் புதிதாகச் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அது பேசிக் பகுதியின் இயற்பியலையும் கருவிகளையும் தொடாது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். நோயாளி யாரும் டெஸ்ஃப்ளூரேனின் கொதிநிலையோடு வருவதில்லை. அதற்குத் தனியாக நேரம் ஒதுக்கித்தான் ஆக வேண்டும்.

தமிழ்நாட்டிலிருந்தோ இலங்கையிலிருந்தோ படித்துவிட்டு வருகிறவர்களுக்கு, அதிலும் ஊரிலேயே மயக்கவியல் முடித்துவிட்டு இங்கே மறுபடி ரெசிடென்சி சேர்கிறவர்களுக்கு, ஒரு தனிச் சிக்கல் உண்டு. அறிவு இருக்கும், அது வேறு பெயரில் இருக்கும். அட்ரினலின் இங்கே எபினெஃப்ரின், பெத்திடின் மெபெரிடின், பாராசிட்டமால் அசிட்டமினோஃபென், சால்பியூட்டமால் ஆல்பியூட்டரால், சக்ஸமெத்தோனியம் சக்சினைல்கோலின். ஆக்சிஜன் சிலிண்டர் நம்மூரில் கறுப்பு உடல், வெள்ளைத் தோள், அமெரிக்காவில் பச்சை. மருத்துவக் காற்று இங்கே மஞ்சள். ஊரில் கைவந்த தயோபென்டோன் அமெரிக்கச் சந்தையிலிருந்து 2011இலேயே போய்விட்டது. இவை ஒவ்வொன்றும் ஐந்து விநாடித் தடுமாற்றம்தான். 72 விநாடியில் ஐந்து விநாடி சின்னது இல்லை. சேர்ந்த முதல் மாதத்திலேயே ஒரு தாளில் எழுதி ஒட்டிவைத்துவிட்டால் தீர்ந்தது.

தேர்வு நாளைப் பற்றி இரண்டு விஷயம். தவறான விடைக்கு மதிப்பெண் கழிப்பது கிடையாது. எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடக்கூடாது. நெகட்டிவ் மார்க்கிங்கில் பழகி வந்தவர்களுக்கு இதைக் கை ஏற்றுக்கொள்ளவே கொஞ்ச நாளாகும், பயிற்சித் தாள்களிலேயே பழக்கிக்கொள்ள வேண்டும். அடுத்தது, முந்தின இரவு ஆன்-கால் இல்லாமல் பார்த்துக்கொள்வது. தேதி முன்கூட்டியே தெரிந்துவிடும்; டிசம்பரிலேயே சீஃப் ரெசிடென்டிடம் பேசிவிட்டால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். கடைசி வாரத்தில் கேட்டால் மாற்ற ஆள் இருக்காது. ராத்திரி முழுக்க விழித்தவர் எழுதிய தாள் அவருடைய அறிவை அளக்காது, அப்புறம் அந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு யாராலும் எதையும் முடிவு செய்ய முடியாது.

ரிசல்ட் வந்ததும் அட்வைசரையோ புரோகிராம் டைரக்டரையோ பார்க்கப் போகும்போது வெறும் கையோடு போகக்கூடாது. முந்தைய ஆண்டின் ஸ்கேல்டு ஸ்கோரும் இந்த ஆண்டுடையதும், வட்டாரம் வட்டாரமாகப் பிரித்த கீவேர்ட் பட்டியல், அடுத்த மூன்று மாதத்துக்கான திட்டம் என்று மூன்றை எடுத்துக்கொண்டு போனால் பேச்சு “ஏன் இவ்வளவு குறைவு” என்பதிலிருந்து “எதை எப்போது முடிக்கிறாய்” என்பதற்கு நகரும். அவர் திட்டத்தில் ஏதாவது திருத்துவார். அந்தத் திருத்தத்துக்காகத்தான் அந்தச் சந்திப்பே.

சிஏ-3 ரெசிடென்டுகளுக்கு இது இன்னும் நெருக்கடியான காலம். பிப்ரவரியில் ஐடிஇ, ஜூன் கடைசியில் ரெசிடென்சி முடிவு, ஜூலையில் அட்வான்ஸ்ட் தேர்வு. இடையில் வேலைக்கான ஒப்பந்தம், மாநில லைசென்ஸ், வீடு மாற்றம். சிஏ-1க்குச் சொன்னது இவர்களுக்குத் தலைகீழ்: முதலில் பார்க்க வேண்டியது அட்வான்ஸ்ட் பகுதியின் மதிப்பெண். வேலை உறுதியாகிவிட்டதால் இந்த ஐடிஇ யாருக்கும் தேவையில்லை என்று படிக்காமலேயே போய் உட்காருகிறவர்கள் உண்டு. அட்வான்ஸ்ட் தேர்வுக்கு முன்னால், அதே போர்டு எழுதிய கேள்விகளில், தனக்கு எது தெரியாது என்று கைக்கு வரும் கடைசிப் பட்டியல் அது. மார்ச்சில் அதைப் பிரித்து வைத்துவிட்டால் ஏப்ரல், மே, ஜூன் மூன்று மாதமும் மிச்சம் இருக்கும்.